சின்ன கேபினெட், பெரிய சூடு: கீழக்கரையில் இருந்து ஒரு உதவி

அண்ணன்மார்களுக்கு வணக்கம். பத்து லிட்டர் ஐடிஎக்ஸ் (சின்ன மதர்போர்டுக்கான) கேபினெட்டில் ரைசன் 5 7600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன சைஸ்) பவர் சப்ளை போட்டு ஒரு கேமிங் பிசி ஓட்டுகிறேன். கூலர் 47 மிமீ உயரம்தான். கேம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பிராசஸர் அதன் 95 டிகிரி எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அறையில் ஏசி இல்லை.

பயாஸ் செட்டிங்கில் ஈகோ மோட் (பிராசஸரின் மின் இழுப்பைக் குறைப்பது) போட்டதும் சூடு நன்றாகவே குறைந்தது. அடுத்து கிராபிக்ஸ் கார்டை அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது) செய்யலாமா? அதன் 200 வாட்டும் பிராசஸரின் 88 வாட்டும் சேர்ந்தாலும் 450 தாங்கும் என்றுதான் கணக்கு சொல்கிறது. ஆனால் கண நேரத்தில் எகிறும் மின் இழுப்பை நினைத்தால் பயம். 650 வாட் பவர் சப்ளைக்கு மாறுவதுதான் சரியா?

இங்கே கரண்ட் ஏறி இறங்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், அதாவது மெயின் கரண்ட் மாதிரி வழவழப்பான அலை தராது. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள பவர் சப்ளைக்கு அது ஒத்துவராது என்பதால், மெயின் கரண்ட் மாதிரியே அலை தரும் பியூர் சைன்வேவ் யுபிஎஸ் தேடுகிறேன். எத்தனை விஏ (யுபிஎஸ்ஸின் திறன் அளவு) வாங்கலாம்?

முக்கியமான கவலை உப்புக்காற்று. ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்கிறது. வலை ஃபில்டர் தூசியைத்தான் நிறுத்தும், உப்பு ஈரத்தை இல்லை. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் பிசி வைத்திருப்பவர்கள் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? ஃபேனை உள்ளே இழுக்க வைப்பதா, வெளியே தள்ள வைப்பதா? தயவுசெய்து சொல்லுங்கள்.