பட்டுக்கோட்டையார் பாட்டும் நம்மட வட்டையும்: அனுபவப் பகிர்வு

வெல்லாவெளியான்:
படுவான்கரையில, அதான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், எங்கட வட்டையில (வயல்வெளியில) பெரும்போக நெல்லு வெட்டு, மெசின் வராத காலம். சினிமாப் பாட்டெழுதின பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, நேரா விசயத்துக்கு வாறன். வெட்டுக்கு வந்த வயசாளி ஒருத்தர் அவர்ட 'காடு வெளஞ்சென்ன மச்சான்' பாட்ட இழுத்தார். வரம்பில வயல் சொந்தக்காரர் போடியார் வாறார். மத்த ஆக்கள் வாய மூடிற்றாங்க. இந்த மனிசன் தாக்கத்தியத் தோளில போட்டுக்கொண்டு 'நமக்குக் கையுங் காலுந்தானே மிச்சம்' எண்ட அடிய இன்னும் உரத்துப் பாடினார். போடியார் ஒண்டும் பேசல்ல, கிறுகிப் போயிற்றார். மறுகா தேத்தண்ணி குடிக்கக்குள்ள வயசாளி என்னட்டக் கேட்டார்: "தம்பி, இத எழுதினவர் எந்த வட்டையில வெட்டினவர்?" தஞ்சாவூர்ப் பக்கம் செங்கப்படுத்தான்காடு, 29 வயசில காலமாகிற்றார் எண்டன். "அப்ப அங்கயும் போடிமார் இருக்காங்களா?" எண்டார். அந்தக் கேள்வி இன்னும் மண்டைக்குள்ள நிக்குது.

அக்கரைப்பற்று வாசகி:
எங்கட வாப்பாக்கு ரேடியோ எண்டா உசிர். இலங்கை வானொலியில 'தூங்காதே தம்பி' போனா நானும் காக்காவும் (அண்ணன்) புத்தகத்த மூடிற்றுக் கேக்கணும். ஒருநாள் விருந்துக்கு வந்த பெரிய மாமா "எம்ஜிஆர்ட பாட்டு நல்லம்" எண்டார். வாப்பா சோத்துக் கையோட எழும்பிற்றார். "எம்ஜிஆர் வாயசைச்சவர், டி.எம்.எஸ். பாடினவர். எழுதினவன்ட பேரச் சொல்லுங்க மச்சான்!" உம்மா பேயறைஞ்ச மாதிரி நிண்டா. மாமா அண்டைக்குப் பேரச் சொல்லிப்போட்டுத்தான் சாப்பிட்டார்.
வெல்லாவெளியான், நீங்க சொன்ன 'காடு வெளஞ்சென்ன' பாட்டில பானுமதி கேக்க டி.எம்.எஸ். பதில் சொல்லுவார். வயசாளி பதிலையும் பாடினாரா?

வெல்லாவெளியான்:
இல்ல தங்கச்சி. கேள்விய மட்டுந்தான் திருப்பித் திருப்பிப் பாடினார்.

கல்முனை மாணவன்:
'காடு வெளஞ்சென்ன' கண்ணதாசன் பாட்டு இல்லையா? எங்கட வீட்டில அப்படித்தான் சொல்றாங்க.

களுவாஞ்சிகுடி ஆசிரியர்:
பிழை தம்பி. அந்தப் பாட்டு வந்த நாடோடி மன்னன் படத்துக்கு (1958) கண்ணதாசன் எழுதினது வசனம். பாட்டு சுரதாவும் வேற ஆக்களும் எழுதினாங்க, ஆனா இது கல்யாணசுந்தரத்திடதான். வெல்லாவெளியானுக்கும் ஒண்டு: எல்லாப் போடியாரும் ஒரே மாதிரி இல்ல, விதைநெல்லும் கடனும் தந்து குடும்பம் காப்பாத்தினவங்களும் இருந்தாங்க.

என்ட அனுபவம் சின்னது. ஒரு போட்டியில கல்யாணசுந்தரத்திட 'சின்னப்பயலே' பாட்டப் பாடின பிள்ளைக்கு, சினிமாப் பாட்டு எண்டு நடுவர் புள்ளி குறைச்சார். "சேர், இது பெரியாக்கள் சொல்ற புத்திதானே?" எண்டு பிள்ளை கேட்டுது. நடுவர் நிமிரவே இல்ல.

அதால பெற்றோருக்குச் சொல்றன். இவர்ட பாட்ட முதல்ல மெட்டில்லாம வாசிக்க விடுங்க. அது கவிதையா நிக்குதா எண்டு பிள்ளையே சொல்லட்டும். 'காடு வெளஞ்சென்ன' பாட்டில 'ஏர் நடத்தி' எண்ட இடம் வந்தா வயலுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்க, உழவர் வீட்டில பிறந்தவர் எழுதினது எண்டு அங்கதான் விளங்கும். ஆண்டையும் சொல்லிக் குடுங்க: 1930இல் பிறந்தவர், 8.10.1959இல் மறைஞ்சார். 'சின்னப்பயலே' வந்த அரசிளங்குமரியும் திருடாதேயும் 1961இல வந்த படங்கள், அந்தப் படங்களில தன்ட பாட்டு திரையில ஓடினத அவர் பாக்கவே இல்ல. பிறகு அந்தப் பாட்டுகள் ஏறின அரசியல் மேடைகள வைச்சு அவர அளக்கக் கூடாது. கோயில் திருவிழாவில ஒலிபெருக்கி கட்டுற தம்பிமாரும் கேளுங்க, படத்திட பேரோட எழுதினவர்ட பேரையும் சொல்லிப் போடுங்க. அதுவும் பட்டுக்கோட்டை எண்டு மட்டும் சொன்னா சின்னப் பிள்ளைகள் ஊரெண்டு நினைக்கும். கல்யாணசுந்தரம் எண்டு முழுசாச் சொல்லுங்க.