மூன்று ஹைப்பர்-வி ஹோஸ்ட்: நிகழ்வுப் பதிவை முழுவதும் சேகரிப்பதா, பொறுக்கி எடுப்பதா?

சாளரம்:
எங்களிடம் மூன்று ஹைப்பர்-வி (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஹோஸ்ட் சர்வர்கள், அவற்றின் மேல் முப்பது மெய்நிகர் கணினிகள். போன வாரம் அதிகாலை இரண்டரைக்கு அவற்றில் ஒன்பது அப்படியே உறைந்து நின்றன. அவற்றுக்குள் தேடினால் ஒரு வரிகூட இல்லை, வெறும் இடைவெளிதான். ஹோஸ்டின் நிகழ்வுப் பதிவில் (நடப்பதை விண்டோஸ் தானே எண் போட்டு எழுதிவைக்கும் இடம்) பார்த்தால் நிகழ்வு எண் 16060: வட்டில் இடம் தீர்ந்ததால் இடைநிறுத்தம். முந்தைய இரவு 11 மணிக்கே, இடம் தீரப்போகிறது என்ற 16050 எச்சரிக்கை வந்து, கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. யாரோ எடுத்துவிட்டு மறந்த செக்பாயிண்ட் (மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையின் சேமிப்பு) வட்டைத் தின்றுவிட்டது. இனிப் பதிவுகளை ஒரே இடத்துக்கு அனுப்பப்போகிறேன். எல்லாவற்றையுமா, சிலவற்றை மட்டுமா?

இரவுப்பணி:
சிலவற்றை மட்டும். 16050, 16060. கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) இருந்தால், சர்வர் விலகியதற்கு 1135, பொது வட்டு கிடைக்காததற்கு 5120. வட்டுக்கு 153, திடீரென்று அணைந்து எழுந்ததற்கு 41. இத்தனை போதும். எல்லாவற்றுக்கும் மின்னஞ்சல் வைத்தால், பத்தாம் நாள் அவற்றைத் தனி ஃபோல்டரில் தள்ளிவிட்டுத் திறக்காமலே இருப்பீர்கள். நான் இருந்திருக்கிறேன்.

மரப்பாச்சி:
மின்னஞ்சல் அனுப்புவது வேறு, சேகரித்து வைப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். யார் எப்போது நுழைந்தார்கள் என்பது இருக்கும் செக்யூரிட்டி பதிவின் இயல்பான அளவு 20 எம்.பி.; நிறைந்ததும் பழையது அழிந்து புதியது ஏறும். உள்ளே புகுந்தவன் பதிவைத் துடைத்தால் மிஞ்சுவது, பதிவு துடைக்கப்பட்டது என்று சொல்லும் 1102 என்ற ஒற்றை வரி. வெளியே நகல் இருந்தால்தான் முன்கதை கிடைக்கும்.

இரவுப்பணி:
ஐயா, மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு வங்கிக்கான பாடம் நடத்துகிறீர்கள். அதை உட்கார்ந்து படிக்கப்போவது யார்?

மரப்பாச்சி:
தேவைப்படும் நாளில் நான் படிப்பேன். உங்கள் ஆறு எண்களில் இல்லாத ஏழாவது வரும்போது நீங்கள் எதைப் படிப்பீர்கள்?

சாளரம்:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. சேகரிக்கும் கணினியை இதே ஹோஸ்டில் ஒரு மெய்நிகர் கணினியாகவே வைக்கலாமா?

இரவுப்பணி:
வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் நானும் மரப்பாச்சியும் ஒரே கட்சி. அடுத்த 16060 வரும்போது அதுவும் சேர்ந்து உறையும். தனி இயந்திரம் ஒன்றை ஒதுக்குங்கள்.

மரப்பாச்சி:
ஆமாம். சந்தாவில் (எந்தப் பதிவுகள் வந்து சேர வேண்டும் என்று குறிக்கும் அமைப்பு) சிஸ்டம் பதிவை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 16060 அங்கே வராது, ஹைப்பர்-விக்கென்றே உள்ள விஎம்எம்எஸ்-அட்மின் என்ற தனிப் பதிவில்தான் வரும். அனுப்பும் முறை இயல்பாக இருந்தால் 15 நிமிடம் வரை தாமதமாகும். தாமதம் குறைந்த முறையை எடுத்தால் 30 நொடி. செக்யூரிட்டி பதிவும் வர வேண்டுமென்றால், ஒவ்வொரு ஹோஸ்டிலும் நெட்வொர்க் சர்வீஸ் கணக்கை (பதிவை அனுப்பும் சேவை இயங்கும் கணக்கு) பதிவு வாசகர் குழுவில் சேர்க்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

சாளரம்:
செய்துவிட்டேன். சோதனை வட்டு ஒன்றை வெற்றுக் கோப்பால் நிரப்பினேன். 16050 ஒரு நிமிடத்துக்குள் இங்கே வந்து விழுந்தது. செக்யூரிட்டி பதிவை மட்டும் இப்போதைக்கு விட்டுவிட்டேன். இரவுப்பணி சொன்னதுபோல் படிக்க ஆளில்லை.

மரப்பாச்சி:
சரி. அந்தச் செக்பாயிண்டை எடுத்தது யார் என்று தெரிந்ததா?

சாளரம்:
அது எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. அன்றைக்கு யார் யார் ஹோஸ்டில் நுழைந்தார்கள் என்று தேடினேன். பதிவு நான்கு நாளுக்கு மேல் பின்னால் போகவில்லை.