மழைக்காலச் சளி, காதுவலி: ஸ்டான்லியில் குழந்தைக்குக் காட்டியவர்கள் சொல்லுங்கள்
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து எங்கள் ஆறு வயது மகளுக்குச் சளி விட்டபாடில்லை. முதலில் மூக்கடைப்பு, பிறகு தொண்டைக் கரகரப்பு, கடைசியில் காதுவலி. இரவெல்லாம் வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு அழுதாள். இப்போது வலி இல்லை. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கைவாட்டத்திலும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொண்டு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குமாம். குழந்தை மருத்துவர் விளக்கிவிட்டு, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டச் சொன்னார்.

ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்குக் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? புறநோயாளிச் சீட்டு வாங்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? கேட்கும் திறன் பரிசோதனையை அன்றே செய்துவிடுவார்களா? தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் குழந்தைகளைப் பொறுமையாகப் பார்க்கும் மருத்துவர் இருந்தாலும் சொல்லுங்கள்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் யோசனை மட்டும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்து. மார்கழிப் பனி இறங்குவதற்குள் காட்டிவிட வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.