ஒற்றை மாற்று வாக்கு: வேற சொல் இருக்கா?

சிவிக்ஸ் டீச்சர்:
வணக்கம். திங்கட்கிழமை பிளஸ் ஒன் பசங்களுக்குக் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் பாடம் நடத்தணும், கையேடு நாளைக்கு ஜெராக்ஸ் போகுது. அரசியலமைப்பு 66-வது பிரிவுல வர்ற 'ஒற்றை மாற்று வாக்கு' (single transferable vote)தான் இடிக்குது. மாற்று வாக்குன்னா கட்சி மாத்திப் போடறதா மிஸ்னு ஒரு பையன் கேட்டான். 2025 தேர்தலப்போ டிவில அதைத்தானே பேசினாங்க, அவனைச் சொல்லிக் குத்தமில்ல. நல்ல சொல்லா ஒண்ணு குடுங்க.

வேர்தேடி:
குழப்பம் வராம என்ன செய்யும்? 'மாற்று'ங்கறத வினைத்தொகையா எடுத்தா மாத்துற வாக்கு, பெயரா எடுத்தா பதிலி. நான் சொல்றது 'பெயர்வாக்கு'. முதல் விருப்பம் எடுபடலேன்னா ஓட்டு அங்கேர்ந்து பெயர்ந்து அடுத்தவருக்குப் போகுதில்ல? குருப்பெயர்ச்சி, புலம்பெயர்தல், ஏன், மரபியல்ல தொல்காப்பியரே மொழிபெயர்த்தல்ங்கறார். 'வாக்கு' வடசொல், அதையும் எடுத்துட்டு 'பெயரோலை'ன்னு வச்சா இன்னும் நல்லது.

மொழிபெயர்ப்பாளன்:
ஐயா, அதே 66-வது பிரிவுல ரகசிய வாக்கெடுப்புன்னும் இருக்கு. பெயரோலைன்னா பேர் எழுதிப் போடற சீட்டுன்னுதான் பசங்க எழுதுவாங்க. நான் 'தாவு வாக்கு'ன்னு யோசிச்சேன், கட்சித்தாவல் ஞாபகம் வந்துச்சு, விட்டுட்டேன்.

யாழ்வாசி:
எங்கட இலங்கை ஜனாதிபதித் தேர்தலில 'விருப்பு வாக்கு' எண்டு சொல்லுறது. 2024இல ஒருத்தரும் பாதிக்கு மேல எடுக்கேல்ல, முதல்முறையா ரெண்டாம் சுற்றில விருப்பு வாக்கை எண்ணினவை, சின்னப்பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனா பாராளுமன்றத் தேர்தலில கட்சிப் பட்டியலுக்குள்ள ஆளைத் தெரிவு செய்யிறதுக்கும் அதே பேர்தான், அந்தச் சிக்கல் கிடக்கு.

வேர்தேடி:
ஓலைன்னதும் உத்திரமேரூர்ல சோழர் காலத்து ஊர்ச்சபைத் தேர்தல் ஞாபகம் வருது. பராந்தகன் காலத்து ரெண்டாவது கல்வெட்டுல சபைக்கு நிக்கறவருக்குக் குறைஞ்ச வயசு 35, இன்னிக்குத் துணைத் தலைவருக்கும் 35. முதல் கல்வெட்டுல 30தான், ஏன் ஏத்தினாங்கன்னு பார்த்தா...

மொழிபெயர்ப்பாளன்:
அது குடத்துல ஓலையப் போட்டு ஒரு பையனை விட்டு எடுக்கச் சொல்ற குலுக்கல் ஐயா, அதுல விருப்பமும் இல்ல வரிசையும் இல்ல. டீச்சருக்கு நாளைக்கு ஜெராக்ஸ்.

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு சண்டை போடறீங்களே, இந்தத் தேர்தல்ல ஓட்டு எங்க மாறுச்சு? 2025ல விழுந்தது 767, செல்லாதது 15, மிச்சம் 752. அதுல பாதி 376, கூட ஒண்ணு, 377 வாங்கினா ஜெயிப்பு. சி.பி.ராதாகிருஷ்ணன் 452, சுதர்சன் ரெட்டி 300, முதல் எண்ணிக்கையிலயே முடிஞ்சுபோச்சு. ரெண்டே பேர் நிக்கறப்ப ரெண்டாவது விருப்பத்துக்கு வேலையே இல்ல. அந்த 66-வது பிரிவுல 'விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம்'னு வேற இருக்கு, இருக்கறது ஒரு நாற்காலி, அதை எந்த விகிதத்துல பிரிக்கறது? என் ஓட்டு 'வரிசை வாக்கு'க்கு. ஓட்டுச்சீட்டுல எம்.பி. செய்யறது 1, 2னு வரிசை போடறது, அவ்வளவுதான்.

வேர்தேடி:
எழுத்துல எழுதினா செல்லாது, எண்ணாத்தான் போடணும். ஆனா அந்த எண்ணு இந்திய மொழி எதுலயும் இருக்கலாம், ௧, ௨னு போட்டாலும் செல்லும். நம்ம எம்.பி. யாராவது போட்டிருப்பாங்களா?

சிவிக்ஸ் டீச்சர்:
பரீட்சையில 'ஒற்றை மாற்று வாக்கு'ன்னு எழுதினாத்தான் மார்க்கு, அதனால அது இருக்கட்டும், பக்கத்துல 'விருப்ப வரிசைப்படி மாறும் வாக்கு'ன்னு போட்டுடறேன். சரின்னா சொல்லுங்க. இன்னொண்ணு, 1961ல 11-வது திருத்தம் வர்ற வரைக்கும் ரெண்டு அவையும் ஒண்ணாக் கூடித் தேர்ந்தெடுக்கணும்னு விதி, அப்புறம்தான் வாக்காளர் குழாம் (electoral college). சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1952லயும் 57லயும் போட்டியில்லாம வந்ததால அந்தக் கூட்டத்துக்கு வேலையே வரல. இதையும் சேத்துட்டேன்.

மொழிபெயர்ப்பாளன்:
சரி. குழாமை நல்லாப் போடுங்க, மிஷின் மொழிபெயர்ப்புல 'தேர்தல் கல்லூரி'ன்னு பார்த்தேன்.

யாழ்வாசி:
எனக்கும் சரி. 'விருப்ப' இல்ல, 'விருப்பு' எண்டா இன்னும் நல்லம்.

கணக்குப்பிள்ளை:
நீளம். ஆனா சரி.

வேர்தேடி:
நான் ஒத்துக்கல. நாலு சொல்லுல வந்தா அது விளக்கம், கலைச்சொல் இல்ல. அப்புறம் 'குடியரசுத் துணைத் தலைவர்' சரியா, 'துணைக் குடியரசுத் தலைவர்' சரியா? ரெண்டாவதைச் சொன்னா துணைக் குடியரசுன்னு தனியா ஒரு நாடு இருக்கற மாதிரி இருக்கு, இதை யாரும் கவனிக்கலியா?