கலைச்சொல் வேண்டும்: ஓவியத்தில் ‘வேல்யூ’ என்பதற்கு ‘மதிப்பு’ பொருந்துமா?

தே.வி. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓவியம் பார்க்கப் பழகும் மாணவர்களுக்கான கையேட்டின் முதல் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹியூ, வேல்யூ, குரோமா, டின்ட், ஷேட், டோன் ஆறும் அந்த இயலிலேயே வந்துவிடுகின்றன. ஹியூவுக்கு நிறம், குரோமாவுக்குச் செறிவு என்று வைத்தாயிற்று. வேல்யூவுக்கு, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளுத்தது அல்லது கறுத்தது என்பதற்கு, வரைவில் ‘மதிப்பு’ என்று இருக்கிறது; கணக்குப் பாடத்திலிருந்து அப்படியே எடுத்த சொல். அது எங்கே இடிக்கிறது என்பதற்கு இயலில் உள்ள ஒரு வாக்கியமே போதும்:

“மோனே 1872 என்று தேதியிட்ட சூரிய உதயப் படத்தில் சூரியனின் மதிப்பும் அதைச் சுற்றியுள்ள வானின் மதிப்பும் ஏறத்தாழ ஒன்றே.”

மாணவர் இதை, சூரியனுக்கும் வானுக்கும் ஓவியர் சம முக்கியத்துவம் தந்தார் என்றுதான் படிப்பார். சொல்ல வந்தது வேறு. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் செம்மஞ்சள் சூரியன் சாம்பல் வானுக்குள் கரைந்து ஏறக்குறைய மறைந்துவிடும். நிறம் வேறு, வேல்யூ ஒன்று. இந்த வாக்கியத்தில் உட்காரும் சொல் வேண்டும். வியாழன் மாலைக்குள் கிடைத்தால் நல்லது.

ச.மு. எழுதியது:

‘ஒளியளவு’ என்று வையுங்கள். ஒரு பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதானே வேல்யூ? கூடுதலாக அனுப்பினால் வெளுப்பு, குறைவாக அனுப்பினால் கறுப்பு. ஒளிர்வு என்ற சொல் இயற்பியலில் ஏற்கெனவே தானே ஒளிவிடும் பொருளுக்குப் போய்விட்டது. அதைத் தொட வேண்டாம்.

இரா.க. எழுதியது:

ச.மு. ஐயா மன்னிக்க வேண்டும், ஒளியளவு சரிவராது. ஒளிப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டையை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு அது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நட்ட நடுவில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. ஒளியளவுதான் வேல்யூ என்றால் நடுச்சாம்பல் 50 விழுக்காடு அனுப்ப வேண்டும். அவ்வளவு அனுப்பும் தாள் கண்ணுக்கு நன்றாகவே வெளுத்துத் தெரியும். வேல்யூ என்பது கண் உணரும் படிநிலை. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் தன் நிறக் குறியீட்டு முறையை வெளியிட்டபோது கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10 என்று வைத்து, இடையில் உள்ள படிகள் கண்ணுக்குச் சம இடைவெளியில் தெரியும்படி அமைத்தார். அளவுகருவி காட்டும் எண்ணையும் கண் காணும் படியையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பக் கூடாது.

மன்செல் முறை இன்னொன்றையும் காட்டும். மஞ்சள் 8-ஐ ஒட்டிய உயர்ந்த படியில்தான் தன் முழுச் செறிவை எட்டும்; ஊதா 4-ஐ ஒட்டிய தாழ்ந்த படியில். அதனால்தான் தூய மஞ்சளையும் தூய ஊதாவையும் அருகருகே பூசினாலே கறுப்பு வெள்ளையில் கூட வேறுபாடு தெரிகிறது. தூய சிவப்பையும் அதற்கு ஈடான பச்சையையும் பூசினால் அப்படித் தெரிய வேண்டியதில்லை.

நா.செ. எழுதியது:

‘கருவெண்மை’ என்று சொல்லிப் பார்க்கிறேன். கருமையும் வெண்மையும் என விரியும் உம்மைத்தொகை. அளவுகோலின் இரு முனைகளையும் சொல்லி அளவுகோலைக் குறிப்பது தமிழுக்குப் புதிதல்ல: தட்பவெப்பம் அப்படித்தான் வந்தது. தட்பமும் வெப்பமும் சேர்ந்து ஒரு நிலையைக் குறிக்கவில்லையா? “சூரியனின் கருவெண்மையும் வானின் கருவெண்மையும் ஒன்றே.” பொருள் மயக்கம் இல்லை.

‘கறுவெண்மை’ என்று வல்லின றகரம் போடச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். தொல்காப்பியர் உரியியலில் “கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள” என்கிறார்; நிறத்தைக் குறிப்பதற்கும் உரிய என்று அடுத்த நூற்பாவில்தான் சேர்க்கிறார். கறுத்தல் முதலில் சினத்தல். கருமைதான் நேராக நிறம்.

ச.மு. எழுதியது:

கருவெண்மையை ஏன் உம்மைத்தொகையாகத்தான் படிக்க வேண்டும்? கருங்குவளை கரிய குவளை என்றால் கருவெண்மை கரிய வெண்மை. படிப்பவர் பண்புத்தொகையாகத்தான் எடுப்பார். தட்பவெப்பத்தில் அந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், தட்பம் அடைமொழியாக நிற்கும் வழக்கமே இல்லை. கரு என்பதோ அடைமொழியாகவே பிறந்த சொல்.

சரி, இரு முனையும் வேண்டுமென்றால் ‘ஒளியிருள் நிலை’ என்னலாமே?

இரா.க. எழுதியது:

ஒளியிருளைச் செலவழித்துவிடாதீர்கள். அது கியாரஸ்கூரோவுக்கு, அதாவது ஒளியையும் இருளையும் எதிரெதிரே வைத்து வரையும் முறைக்கு, வேண்டும். இத்தாலியச் சொல்லின் நேர்ப்பொருளே அதுதான்: கியாரோ ஒளி, ஸ்கூரோ இருள். ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜியோ வரைந்த மத்தேயு அழைப்புப் படத்தை விளக்க மூன்றாம் இயலில் அந்தச் சொல்லைத் தேடுவோம். அப்போது கையில் இருக்க வேண்டும்.

ம. எழுதியது:

வகுப்பறைப் பக்கத்திலிருந்து ஒரு சொல். மாணவர்கள் இதை ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: லைட், டார்க். தமிழில் கேட்டால் வெளிர் நீலம், அடர் நீலம். துணிக்கடையிலும் பெயின்ட் கடையிலும் வழங்குகிற சொற்கள் இவை. இதில் அடர் என்பது மட்டும் ஆபத்தானது. அடர்சிவப்பு என்றால் ஒருவர் கறுத்த சிவப்பை நினைக்கிறார், இன்னொருவர் கண்ணைப் பறிக்கும் தூய சிவப்பை நினைக்கிறார். முன்னது வேல்யூ, பின்னது செறிவு. ஆகவே வெளிர் என்பதைப் பிடித்துக்கொண்டு ‘வெளிர்நிலை’ என்று வைக்கலாம். “சூரியனின் வெளிர்நிலையும் வானின் வெளிர்நிலையும் ஏறத்தாழ ஒன்றே.” எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

நா.செ. எழுதியது:

ம. அவர்களின் நோக்கம் நல்லது. ஆனால் வெளிர் என்பதே ஐயத்துக்குரிய வடிவம். மூலம் வெளிறு, வல்லின றகரம். அதன் பொருளோ குறை. “அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு” என்னும் 503-ஆம் குறளில் அது அறியாமை. புறநானூற்றின் 35-ஆம் பாட்டில் வெளிற்றுப் பனை வயிரம் இல்லாத பனை. உள்ளீடு அற்றது, பயன் அற்றது என்ற பொருளிலேயே வேரோடிய சொல் ஓவியத்தின் அடிப்படைப் பண்புக்குப் பெயராகலாமா? தவிரவும் கன்னங்கரிய பரப்புக்கு ‘வெளிர்நிலை 1’ என்று எழுதுவது முரண்.

ம. எழுதியது:

பனிக்கட்டிக்கும் வெப்பநிலை உண்டு. குட்டையானவருக்கும் உயரம் உண்டு. அளவுகோலின் மேல்முனையை வைத்து அளவுகோலுக்குப் பெயரிடுவது நாம் நாள்தோறும் செய்வது. மன்செல் எண்ணும் அப்படித்தான், வெளுக்க வெளுக்க ஏறுகிறது. வெளிர்நிலை 9 என்றால் வெள்ளையை ஒட்டியது, 1 என்றால் கறுப்பை ஒட்டியது. எண்ணும் சொல்லும் ஒரே திசையில் போகின்றன.

வெளிறு பற்றி: வெள், வெளிச்சம், வெளுப்பு, வெளிறு எல்லாம் ஒரே குடும்பம். மரம் வெளிறியதும் முகம் வெளிறியதும் வெளுப்பிலிருந்து கிளைத்த பொருள்கள். நிறத்துக்கு மெய்யெழுத்தில் முடியும் வெளிர் வழக்கில் தனியாக நின்றுவிட்டது. வெளிர் நீலச் சட்டை கேட்பவர் யாரும் குறையுள்ள நீலம் கேட்கவில்லை.

தே.வி. எழுதியது:

இதற்கிடையில் டின்ட், ஷேட், டோன் மூன்றும் காத்திருக்கின்றன. வெள்ளை கலந்தால் டின்ட், கறுப்பு கலந்தால் ஷேட், சாம்பல் கலந்தால் டோன். வரைவில் மூன்றுக்கும் மாற்றி மாற்றிச் ‘சாயல்’ என்று வருகிறது.

ச.மு. எழுதியது:

சாயல் மூன்றுக்கும் ஆகாது. தொல்காப்பியத்தில் “சாயல் மென்மை”. இன்றைய வழக்கில் அப்பா சாயல், அம்மா சாயல். நிறக் கலவைக்கு அது எந்த வழியிலும் வரவில்லை. ஷேடுக்கு நிழல் என்று எழுதுவதையும் விலக்க வேண்டும். சுவரில் விழும் நிழலும் பென்சிலால் தீட்டும் நிழலும் கறுப்பு கலந்த நிறமும் ஒரே பெயரில் நின்றால் மாணவர் எதைப் பிடிப்பார்?

தமிழே இதற்கு வழி வைத்திருக்கிறது. இளஞ்சிவப்பு, இளநீலம், இளம்பச்சை. கருஞ்சிவப்பு, கருநீலம், கரும்பச்சை. டின்ட் இளநிறம், ஷேட் கருநிறம். ஒட்டைச் சேர்த்தாலே எந்த நிறத்துக்கும் சொல் கிடைத்துவிடும்.

டோனுக்குத் ‘தொனி’ என்று எழுதாதீர்கள். வடமொழி என்பதற்காகச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் நூல்களில் டோன் என்பதே பெரும்பாலும் வேல்யூவைக் குறிக்கும். சாம்பல் கலந்த நிறம் என்ற பொருள் வேறு மரபு. ஒலிபெயர்த்தால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும்.

நா.செ. எழுதியது:

இளநிறம், கருநிறம் இரண்டையும் மனமார ஏற்கிறேன். டோனுக்குப் ‘பசலை’ என்று வைத்தால் என்ன? நிறம் தன் செறிவை இழந்து மங்குவதற்குத் தமிழ்க் கவிதையில் இதைவிடச் சிறந்த சொல் கிடையாது. குறுந்தொகை 399-இல் பரணர் அதை ஊருணிப் பாசியோடு ஒப்பிடுகிறார்: காதலர் தொட்ட இடத்தில் விலகும், விட்ட இடத்தில் பரவும். ஒரு பரப்பின்மேல் நிறம் படர்வதையும் நீங்குவதையும் இவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களின் சொல்லை நாம் பயன்படுத்த வேண்டாமா?

இரா.க. எழுதியது:

பசலை அழகு, ஆனால் அது சாம்பல் பூசியதல்ல. பசு என்பதிலிருந்து வந்தது, மேனி பொன்னிறமாக மாறுவது. அங்கே நிறமே மாறுகிறது. டோனில் நிறம் மாறாமல் செறிவு மட்டும் குறைய வேண்டும். ‘மங்கல்நிறம்’ போதும்.

பெயரிடுவதோடு நிறுத்தாமல் இயலில் பயிற்சியையும் சேர்க்கச் சொல்கிறேன். எந்தச் சொல் வைத்தாலும் அதைக் கையால் செய்து பார்க்காத மாணவருக்கு அது வெறும் ஒலி. 3 செ.மீ. சதுரங்கள் ஐந்து வரிசையாக வரையச் சொல்லுங்கள். முதல் கட்டம் வெறும் தாள். ஐந்தாவது கட்டத்தை 6 பி பென்சிலால் எவ்வளவு கறுக்க முடியுமோ அவ்வளவு கறுக்க வேண்டும். அடுத்து நடுக்கட்டம். அதன் பிறகே இரண்டும் நான்கும். இடமிருந்து வலமாக வரிசையில் தீட்டினால் மூன்றாம் கட்டத்திலேயே கறுப்பு தீர்ந்துபோய் நான்கும் ஐந்தும் ஒன்றாகிவிடும். ஹெச்.பி. பென்சில் மட்டும் வைத்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் 6 பி-யின் கறுப்பு வராது; கிராஃபைட் மினுங்கி, சாய்த்துப் பார்க்கையில் வெளுக்கவும் செய்யும்.

பிறகு கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிச் சரிபார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: சில செயலிகளில் செறிவைப் பூச்சியத்துக்குக் குறைத்தால் தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே சாம்பலாக வந்துவிடும். கண்ணின் உணர்வை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. கறுப்பு வெள்ளைக்கென்று இருக்கும் வடிகட்டியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கண்ணை இடுக்கிப் பார்ப்பது அதைவிட எளிது; விவரங்கள் மங்கி வெளிர்நிலை மட்டும் மிஞ்சும்.

(ஆம், எழுதும்போது எனக்கும் வெளிர்நிலை என்றே வந்துவிட்டது.)

ம. எழுதியது:

நெகட்டிவ் ஸ்பேஸுக்கு, அதாவது உருவங்களைச் சுற்றியும் அவற்றுக்கு இடையிலும் உள்ள வெற்றிடத்துக்கு, ‘எதிர்மறை வெளி’ என்று இருப்பதையும் பாருங்கள். எதிர்மறை என்றால் பிள்ளைகளுக்குத் தீயது. ‘சூழ்வெளி’ என்னலாம். மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தில் நடுவே உள்ள பிளவு உருவங்கள் சூழ நிற்கும் இயற்கையான இடைவெளி. அதிலேயே நாகர்களைச் செதுக்கி அதை ஆறாக்கிவிட்டார்கள். நாற்காலியை வரையாமல் அதன் கால்களுக்கு இடையே உள்ள வெளியை வரையும் பயிற்சிக்கும் அந்தச் சொல் ஒத்துவரும்.

தே.வி. எழுதியது:

மிக்க நன்றி. வெளிர்நிலைக்கு மூவர், கருவெண்மைக்கு ஒருவர், ஒளியிருள் நிலைக்கு ஒருவர். வெளிர்நிலை என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘வேல்யூ’ என்பதும் உடன் நிற்கும். இளநிறம், கருநிறம், மங்கல்நிறம், சூழ்வெளி நான்கையும் எடுத்துக்கொண்டேன்.

நா.செ. எழுதியது:

வெளிர்நிலையில் என் மாற்றுக்கருத்தைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அவசரமானது கருநிறம். மனமார ஏற்றேன் என்று எழுதிய பிறகுதான் மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் என்ன வரும் என்று யோசித்தேன். பழுத்த ஆலிவ் போன்ற ஒரு பச்சை வரும். ஷேட் விதிப்படி அதைக் கருமஞ்சள் என்று எழுத வேண்டும். கண்ணுக்கோ அது மஞ்சளே இல்லை. கருமஞ்சள் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் ஒரு கிழங்கைத் தருவார்கள். அந்த ஒரு கட்டத்துக்கு என்ன பெயர் போடுவது?

ச.மு. எழுதியது:

மஞ்சளின் கருநிறம் என்று விரித்தே எழுதுங்கள். ஒட்டு எல்லா நிறத்துக்கும் ஒட்டும் என்று நான் சொன்னது மஞ்சளுக்குப் பொருந்தவில்லை. வண்ணப்பட்டியில் அந்தக் கட்டத்தின்கீழ் பெயர் போடாமல் கலவை விகிதத்தை மட்டும் எழுதினாலும் சரி.