புதுப்பிப்பு: மண்டபம் வீட்டுத் தோட்டத்துக்குக் குருவிகள் வர ஆரம்பித்துவிட்டன

ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊர்ப்பக்கம் மணல் தரை, உப்புக் காற்று, காக்கையைத் தவிர எதுவும் வருவதில்லை என்று போன கோடையில் புலம்பியிருந்தேன் இல்லையா, நிலைமை மாறிவிட்டது.

தண்ணீர்தான் முதல் காரணம். கிணறு உவர்ப்பு என்பதால் குடத்தில் வாங்கும் குடிநீரையே அகலமான மண்சட்டியில் விரலளவு ஊற்றி, நடுவில் ஓட்டுத்துண்டு போட்டு, பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில் வைத்தேன். கொசு முட்டையிடும் என்று பயந்தவர்களுக்கு: தினமும் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கிறேன், அவ்வளவுதான். சின்னான்கள் (கொண்டைக்குருவிகள்) முதலில் வந்தன, அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம், குளிக்கிறேன் பேர்வழி என்று சட்டியையே காலி செய்துவிட்டுப் போகும். வேலியோர உகாய் மரத்தை வெட்டச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதன் பழத்துக்குத்தான் சின்னான் நாள் முழுக்க இங்கேயே கிடக்கிறது.

முருங்கைப் பூவுக்கு வந்த தேன்சிட்டு துணிக்கொடிக் கம்பியில் கூடே கட்டிவிட்டது. பெட்டை மட்டும்தான் வேலை செய்கிறது. சிலந்தி வலையில் நாரும் சருகும் ஒட்டி, பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். அம்மா இப்போது துணியை மாடியில் காயப்போடுகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

மரத்தடிச் சருகைக் கூட்டுவதை நிறுத்திவிட்டேன். ஐப்பசி வாக்கில் இமயமலை அடிவாரத்திலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் புழு பொறுக்கும். வந்தால் படம் போடுகிறேன்.