ஜீன் கன்வெர்ஷன் ரேட் எவ்வளவு வைக்கலாம்?

வணக்கம். ப்ராஜெக்ட்டுக்காக டிரோசோபிலா மெலனோகாஸ்டரை (பழ ஈ) எம்எஸ்பிரைமில் (டிஎன்ஏ வரிசைகளை சிமுலேட் பண்ற சாஃப்ட்வேர்) சிமுலேட் பண்றேன். கிராஸ் ஓவர் (ஜோடி குரோமோசோம்கள் துண்டுகளை மாத்திக்கிறது) மட்டும் கொடுத்தா, தூரத்து எஸ்என்பிகளுக்கு (ஈக்கு ஈ ஒரே ஒரு பேஸ், அதாவது டிஎன்ஏ எழுத்து, மாறுற இடங்கள்) எல்டி (அவை சேர்ந்தே வர்ற போக்கு) நிஜ டேட்டாவோட ஒத்துப்போகுது. சில நூறு பேஸ் இடைவெளியில மட்டும் சிமுலேஷன்ல எல்டி எக்கச்சக்கம். (ஆண் ஈயில கிராஸ் ஓவரே இல்லைன்னு ஆட்டோசோம் (செக்ஸ் குரோமோசோம் அல்லாதவை) ரேட்டைப் பாதியாக்கிட்டேன்.)

ஜீன் கன்வெர்ஷனை (ஒரு குரோமோசோமோட சின்னத் துண்டு அதோட ஜோடியில காப்பி ஆகுறது) விட்டதுதான் காரணம்னு தோணுது. மாறுற துண்டு சராசரி 350 பேஸ் அளவுதான். அது பக்கத்துப் பக்கத்து எஸ்என்பிகளைத்தானே பிரிக்கும்? நீளம் சரி, ரேட் கிராஸ் ஓவரைப் போல எத்தனை மடங்கு வைக்கலாம்?

அடுத்த தலைவலி நாலாவது குரோமோசோம். கிராஸ் ஓவர் கிட்டத்தட்ட இல்லை, வேரியேஷனும் ரொம்பக் கம்மி. அங்கே எந்த ரேட்டோட ஒப்பிட்டு மடங்கு சொல்றது? செஞ்சு பார்த்தவங்க உங்க செட்டிங்ஸைப் போடுங்க ப்ளீஸ்.